இத்தாலிய வைன்: லேபிள் சொல்லாததைச் சொல்பவர்கள்

உணவுக்குப் பொருத்தமான வைனைத் தெரிந்து பரிமாறுபவரை 'சொமெலியே' என்பர். 1963இல் வைனின் பிறப்பிடத்தையும் தயாரிப்பு முறையையும் வரையறுக்கும் சட்டம் இத்தாலியில் வந்தது. 1965இல் மிலானில் சொமெலியேக்களின் சங்கம் உருவானது.

ஆனால், லேபிளை மட்டும் நம்ப முடியவில்லை. தொஸ்கானா கரையோரத்தில் பிரெஞ்சுத் திராட்சை இனங்களிலிருந்து உருவான 'சசிகாயா', அன்றைய விதிகளுக்குள் அடங்கவில்லை. உலகப் புகழ் பெற்ற பின்னரும் அது மிகத் தாழ்ந்த தரமான 'மேசை வைன்' என்றே விற்கப்பட்டது. 1994இல்தான் அதற்கு உரிய தரப்பெயர் கிடைத்தது.

இதற்கு நேர்மாறான கொடுமை 1986இல் நடந்தது. மலிவு வைனில் அல்ககோல் அளவைக் கூட்டுவதற்காக மெத்தனோல் கலக்கப்பட்டதில் 20இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலர் பார்வையை இழந்தனர். ஏற்றுமதி சரிந்தது. அளவைவிடத் தரமே முக்கியம் என்ற திருப்பத்தை இந்தப் பேரிடர் விரைவுபடுத்தியது.

சொமெலியேயின் பணியும் மாறியது. போத்தலைத் திறந்து ஊற்றுவதோடு அது முடிவதில்லை. எந்த மண், எந்த விவசாயி, எந்த முறை என்பதையும் அவர் விளக்க வேண்டும். இன்று உணவகங்களுக்கு வெளியே, கடைகளிலும் இறக்குமதி நிறுவனங்களிலும் வகுப்பறைகளிலும் இவர்கள் பணியாற்றுகின்றனர். குடிப்பவர் போத்தலுக்குள் இருப்பதைப் பார்த்து அறிய முடியாது. அந்த இடைவெளியில்தான் இத்தொழில் நிற்கிறது.