தமிழ்த் துணையுரைக் கோப்பு

தமிழ்த் துணையுரைக் கோப்பு (சப்டைட்டில் கோப்பு) என்பது திரைப்படத்தின் உரையாடலையும், அது திரையில் தோன்றி மறைய வேண்டிய நேரத்தையும் கொண்ட தனி உரைக்கோப்பு ஆகும். வேற்றுமொழிப் படம் பார்ப்போருக்கும் செவிப்புலன் குறைந்தோருக்கும் இது பயன்படுகிறது. வி.எல்.சி. முதலிய கணினி நிகழ்பட இயக்கிகள் இக்கோப்பைப் படத்துடன் சேர்த்துக் காட்டுகின்றன. தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிவது கோப்பின் குறியாக்கம், எழுத்துரு, இயக்கியின் எழுத்துக்கோர்ப்பு ஆகிய மூன்றையும் பொறுத்தது.

கோப்பின் அமைப்பு

எஸ்.ஆர்.டி. என்பது பரவலாகப் பயன்படும் வடிவம். இதன் ஒவ்வொரு பகுதியிலும் வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், உரை ஆகியன இருக்கும். ஒரு வெற்று வரி அடுத்த பகுதியைப் பிரிக்கும். எடுத்துக்காட்டு:

1
00:01:12,500 --> 00:01:15,000
கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகம்.

இங்கு நேரம் மணி, நிமிடம், நொடி, மில்லிநொடி என்ற வரிசையில் உள்ளது.

ஏற்றும் முறை

படக்கோப்பும் துணையுரைக் கோப்பும் ஒரே பெயருடன் ஒரே கோப்புறையில் இருந்தால் வி.எல்.சி. அதைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும். இல்லையெனில் துணையுரைப் பட்டியிலிருந்து (மெனு) கோப்பைச் சேர்க்கலாம். உரை பிந்தி வந்தால் 'ஜி' விசையையும், முந்தி வந்தால் 'எச்' விசையையும் அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தமும் 50 மில்லிநொடி மாற்றும். படம் ஓட ஓட இடைவெளி கூடிக்கொண்டே போனால், துணையுரை வேறொரு சட்டக வேகத்துக்கு உருவாக்கப்பட்டதாக இருக்கலாம். அப்போது துணையுரையின் வேகத்தையே மாற்ற வேண்டும்.

குறியாக்கச் சிக்கல்

ஒருங்குறியின் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியமும் 3 பைட்டுகளில் சேமிக்கப்படுகிறது. இயக்கி அதனை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமாகப் படித்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற இலத்தீன் குறிகள் தோன்றும். இயக்கியின் துணையுரை அமைப்புகளில் யூ.டி.எஃப்-8 என மாற்றினால் இது சரியாகும்.

திஸ்கி குறியாக்கத்திலோ, 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப், டாம் குறியாக்கங்களிலோ உள்ள பழைய உரைகளை முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். என்.எச்.எம். மாற்றி போன்ற மென்பொருள்கள் இதற்கு உதவின. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது.

எழுத்துக்கோர்ப்பு

'கொற்கை' என்ற சொல் ஒருங்குறியில் க, ொ, ற, ், க, ை என ஆறு குறியங்களாக, ஒலிப்பு வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பும் இணைக்கொம்பும் ககரத்துக்கு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்துக்கோர்ப்பு ஆகும். அது இல்லாத இயக்கியில் குறியாக்கம் சரியாக இருந்தாலும் கொம்புகள் இடம்மாறித் தெரியும். 2018இல் வெளியான வி.எல்.சி. 3.0 பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்துக்கோர்ப்பு நிரல்தொகுப்பு இணைக்கப்பட்டது.

கவனிக்க வேண்டியது

மேற்கண்ட பிழைகள் யாவும் காட்சியில் மட்டுமே நிகழ்பவை. கோப்பில் உரை அப்படியே இருக்கும். ஆனால் தமிழ் ஒருங்குறி உரையை விண்டோசு நோட்பேடில் 'ஆன்சி' முறையில் சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அக்கோப்பிலிருந்து உரையை மீட்க இயலாது. எனவே திருத்துமுன் மூலக்கோப்பின் படி ஒன்றை வைத்துக்கொள்வதும், யூ.டி.எஃப்-8 முறையில் சேமிப்பதும் இன்றியமையாதவை.