ரேணி கிராமத்துப் பெண்களும் சிப்கோ இயக்கமும்

சிப்கோ இயக்கம் என்பது 1970களில் அன்றைய உத்தரப் பிரதேசத்தின் (இன்றைய உத்தராகண்ட்) இமயமலைப் பகுதியில் காடுகளைக் காக்க எழுந்த அறப்போராட்டம் ஆகும். 'சிப்கோ' என்ற இந்திச் சொல்லுக்கு 'ஒட்டிக்கொள்' என்று பொருள். வெட்ட வருபவர் முன் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பது இதன் போராட்ட முறை.

1970 ஜூலையில் அலக்நந்தா ஆற்றில் வந்த பெருவெள்ளம் சமோலி மாவட்டத்தில் ஊர்களையும் பாலங்களையும் அடித்துச் சென்றது. மலைச்சரிவு மொட்டையானால் மண்ணும் நீரும் நிற்காது என்பதை மக்கள் கண்ணெதிரே கண்டனர். 1973இல், சண்டி பிரசாத் பட் முன்னின்று நடத்திய தசோலி கிராம சுயராஜ்ய சங்கம், வேளாண் கருவிகள் செய்யச் சில ஆஷ் மரங்களைக் கேட்டது. வனத்துறை மறுத்தது. அதே மரங்கள் அலகாபாத்தைச் சேர்ந்த விளையாட்டுப் பொருள் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டன. உழவரின் ஏருக்குக் கிடைக்காத மரம் பந்தடிக்கும் மட்டைக்குக் கிடைத்தது! மண்டல் கிராமத்தில் மக்கள் திரண்டு எதிர்த்ததால் நிறுவனத்தார் திரும்பிப் போயினர்.

அடுத்து ரேணி கிராமத்தை ஒட்டிய காட்டில் ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலம் விடப்பட்டன. 1974 மார்ச் 26 அன்று ஊர் ஆண்கள் அனைவரும் சமோலிக்குப் போயிருந்தனர். இராணுவத்துக்காக எடுக்கப்பட்ட நிலங்களுக்கு நெடுநாளாக வராத இழப்பீடு அன்று தரப்படும் என்று சொல்லப்பட்டிருந்தது. அந்த நாளில்தான் மரம் வெட்டும் ஆட்கள் காட்டுக்குள் சென்றனர். அதைக் கண்ட சிறுமி ஒருத்தி ஓடிவந்து கௌரா தேவியிடம் சொன்னாள்.

கௌரா தேவி பள்ளிக்குச் செல்லாதவர். 22 வயதில் கணவரை இழந்தவர். ஊர்ப் பெண்கள் அமைப்பின் தலைவி. பெண்களும் சிறுமிகளுமாக 27 பேர் அவருடன் காட்டுக்கு விரைந்தனர். இந்தக் காடு எங்கள் தாய்வீடு என்று கூறி, வந்தவர்களிடம் முதலில் அவர் கெஞ்சியே கேட்டார். வசவு வந்தது, துப்பாக்கியும் நீண்டது. அவர்கள் நகரவில்லை. இரவு முழுவதும் மரங்களுக்குக் காவல் இருந்தனர். வெட்ட வந்தவர்கள் வெறுங்கையுடன் திரும்பினர்.

மாநில அரசு நியமித்த வல்லுநர் குழு பெண்களின் பக்கமே நியாயம் என்றது. அலக்நந்தாவின் மேல் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 10 ஆண்டுகளுக்கு மரம் வெட்டத் தடை வந்தது. சுந்தர்லால் பகுகுணா காஷ்மீரிலிருந்து கோஹிமா வரை நடந்து இச்செய்தியைப் பரப்பினார். 1983இல் கர்நாடகத்தின் சிர்சி வட்டாரத்தில் மக்கள் இதே வழியில் மரங்களைத் தழுவி நின்றனர். 'அப்பிகோ' என்ற அந்த இயக்கத்தின் பெயருக்கும் தழுவிக்கொள் என்பதே பொருள்.

மரத்தின் மேல் கொண்ட பாசக் கதையாக மட்டும் இதைப் பாடநூல்கள் சுருக்கிவிடுகின்றன. அப்பெண்களுக்குக் காடு என்பது விறகு, தீவனம், தண்ணீர். காட்டின் மீது தங்களுக்குள்ள உரிமையையும் சேர்த்தே அவர்கள் கேட்டனர். அது முழுமையாகக் கிடைக்கவில்லை. 1982இல் நந்தாதேவி தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபின், ரேணி, லாதா ஊர்களின் மேய்ச்சலும் மலையேறுவோரால் கிடைத்த கூலியும் நின்றன. கௌரா தேவி பிறந்த லாதாவின் மக்கள் 1998இல் தடையை மீறிப் பூங்காவுக்குள் நுழைந்து போராடினர்.

பின்னாளில் ரேணி அருகே ரிஷிகங்கா ஆற்றில் நீர்மின் திட்டம் கட்டப்பட்டது. மலையில் வெடி வைப்பதை எதிர்த்து ஊரார் 2019இல் உயர் நீதிமன்றம் சென்றனர். 2021 பிப்ரவரி 7 அன்று மேலே பாறையும் பனியும் சரிந்து வந்த வெள்ளம் அத்திட்டத்தை அடித்துச் சென்றது. அந்தப் பள்ளத்தாக்கில் 200 பேருக்கு மேல் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். சில மாதங்களில் ரேணியில் நிலம் தாழத் தொடங்கவே, 1991இல் மறைந்த கௌரா தேவிக்கு அங்கு வைத்திருந்த சிலையை அகற்றி ஜோஷிமட்டுக்குக் கொண்டு சென்றனர்.