தமிழ்நாட்டில் இணையவழி உடல்நலத் தகவல்

நோய், மருந்து, தடுப்பூசி ஆகியவை குறித்து மக்கள் இணையத்தில் தேடிப் பெறும் செய்திகள் இணையவழி உடல்நலத் தகவல் எனப்படும். தமிழ்நாட்டில் இதன் வரலாறு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலத்தது. ஊருக்கு ஒரு கணினி என்ற நிலை ஆளுக்கொரு கைபேசி என்று மாறியதே இவ்வரலாற்றின் முக்கியத் திருப்பம்.

பின்னணி

இணையத்துக்கு முன்பு உடல்நலம் பற்றிய ஐயங்களுக்குப் பதில் சொன்னவர்கள் ஊரறிந்த மனிதர்கள். இனயம் போன்ற கடற்கரை ஊர்களைக் கொண்ட கன்னியாகுமரி மாவட்டத்தில் வர்ம ஆசான்களும், 1838-இல் நெய்யூரில் தொடங்கிய லண்டன் மிஷன் மருத்துவப் பணியைச் சேர்ந்தவர்களும் அந்த இடத்தில் இருந்தனர். பதில் தவறானால் திரும்பிச் சென்று கேட்க ஆள் இருந்தது.

கிராமத் தகவல் மையங்கள்

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. உள்ளூர்த் தன்னார்வலர்கள் இவற்றை நடத்தினர். மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் கடல் அலை உயரம் பற்றிய செய்தி ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது.

2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் சென்னை ஐ.ஐ.டி. பங்கேற்ற திட்டத்தின் கீழ் இணைய மையங்கள் அமைந்தன. மையத்தை நடத்தியவர், கண் நோய் உள்ளவரின் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்புவார். நேரில் வர வேண்டுமா என்று மருத்துவர் பதிலளிப்பார். கணினி அறியாதவரும் இதனால் பயனடைய முடிந்தது.

2017 தடுப்பூசி வதந்தி

2016-க்குப் பின் மலிவான இணையக் கட்டணத்தால் கைபேசி பரவலாகியது. இடையில் நின்ற மைய நடத்துநர் தேவையற்றவரானார். 2017 பிப்ரவரி 6 அன்று, 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியது. ஊசி ஆபத்தானது என்ற செய்திகள் வாட்ஸ்அப்பில் பரவின. பெற்றோர் பலர் தயங்கினர். தனியார் மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகப் போடப்பட்டுவந்த எம்.எம்.ஆர். ஊசியிலும் இவ்விரு நோய்களுக்கான தடுப்பு மருந்து உண்டு என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. மருத்துவர்களும் சுகாதாரத் துறையினரும் விளக்கமளித்தனர். முகாம் மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்கப்பட்டது.

பலர் அந்தச் செய்தியை நம்பியதற்குக் காரணம் அது உறவினரிடமிருந்தோ நண்பரிடமிருந்தோ வந்ததே. அனுப்பியவர் தெரிந்தவர்; எழுதியவர் யாரென்று தெரியாது. ஆசானிடமும் மருத்துவரிடமும் இவ்விருவரும் ஒருவராகவே இருந்தனர்.

பிற்காலம்

2020-இல் கொரோனா காலத்தில் மருத்துவரைக் காணொளியில் கலந்தாலோசிக்கும் இ-சஞ்சீவனி புறநோயாளி சேவை வந்தது. 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் களப்பணியாளர்கள் வீடு தேடிச் சென்றனர். கைபேசி பரவிய பிறகும், கேட்டால் பதில் சொல்லும் மனிதரின் தேவை குறையவில்லை என்பதை இவை காட்டுகின்றன.