வாசல் மட்டும் மிஞ்சிய ஸ்டூடியோ: பட்டயப் படம் பற்றிச் சில குறிப்புகள்

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி பஸ் சேலத்தை நெருங்கும்போது சாலையோரம் ஒரு வாசல் வளைவு நிற்கும். மாடர்ன் தியேட்டர்ஸ். வாசல் இருக்கிறது, ஸ்டூடியோ இல்லை. உள்ளே வீடுகள். மலையிலிருந்து படிக்கவும் ஆஸ்பத்திரிக்கும் அதைத் தாண்டித்தான் நான் இறங்கியிருக்கிறேன். ‘அந்தக் காலத்துல சேலம் எப்படி இருந்துச்சு தெரியுமா’ என்கிற புலம்பலுக்காக இதை எழுதவில்லை. என் கேள்வி வேறு. பெல்ஜியத்தின் ஃப்ளெமிஷ் பகுதியின் மக்கள்தொகை தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அங்கே சினிமா படிக்கிற மாணவர்கள் படிப்பின் முடிவில் எடுக்கிற குறும்படங்கள் சர்வதேச விழாக்களுக்குப் போகின்றன, பரிசு வாங்குகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த இந்த மலையடிவாரத்திலிருந்து அப்படி ஒன்று ஏன் போகவில்லை? ‘திறமை’ என்ற சொல்லை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வரலாற்றை வைத்துத்தான் சொல்ல முடியும்.

1930களின் நடுவில் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். ஸ்டூடியோவையும் ஒரு மில்லைப்போலவே நடத்தினார்: மாதச் சம்பளம், நேர ஒழுங்கு, ஒரே கூரைக்குள் எல்லாப் பிரிவுகளும். 1938இல் முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’, 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ எல்லாம் இங்கிருந்து வந்தவை. 1950இல் ‘மந்திரி குமாரி’யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்காவில், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். உடன் படித்த மாணிக்லால் டாண்டனோடு 1935இல் இந்தியாவுக்கு வந்தவர். ‘மந்திரி குமாரி’ முடியுமுன் அவர் ஊர் திரும்ப, மீதியைச் சுந்தரமே முடித்தார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சினிமாப் பள்ளியில் படித்தவன் அமெரிக்காவிலிருந்து இங்கே வரலாம், வேலை செய்யலாம், போகலாம். ஆனால் பள்ளி இங்கே வரவில்லை. கற்றல் என்பது எடுபிடியாகச் சேர்ந்து முதலாளியின் கண்முன்னால் நடக்கிற ஒன்றாகவே இருந்தது. தவறு செய்துபார்க்கிற உரிமை அதில் கிடையாது. தவறுக்கு ஆகும் பிலிம் முதலாளியுடையது.

இதோடு பூனாவை வைத்துப் பாருங்கள். அங்கே பிரபாத் ஸ்டூடியோ. அதன் ‘சந்த் துக்காராம்’ 1937இல் வெனிஸ் விழாவில் பாராட்டுப் பெற்றது. 1950களில் பிரபாத் நொடித்துப்போனது. அந்த வளாகத்தில்தான் 1960இல் மத்திய அரசு திரைப்படக் கல்லூரியைத் தொடங்கியது. துக்காராம் எடுக்கப்பட்ட தளத்தில் மாணவர்கள் டிராலி தள்ளினார்கள். சேலத்தில் 1963இல் சுந்தரம் இறந்தார். 1980களில் படத்தயாரிப்பு நின்றது. நிலம் மனைகளானது. ஒரு ஸ்டூடியோ பள்ளிக்கூடமானது, இன்னொன்று பிளாட்டானது. இரண்டுமே அரசியல் முடிவுகள்தான். அரசு தலையிடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான்.

பூனாவில் பட்டயப் படம் என்ற ஒன்று உருவானது. டிக்கெட் விற்க வேண்டிய அவசியமில்லாத படம். மட்டக்களப்பிலிருந்து போன பாலு மகேந்திரா 1969இல் ஒளிப்பதிவு படித்து முடித்தார். அவருடைய பட்டயப் படமான ‘வியூ ஃப்ரம் த ஃபோர்ட்’டைப் பார்த்துத்தான் ராமு காரியாத் அவரை ‘நெல்லு’ (1974) படத்துக்கு அழைத்தார். அப்போது பட்டயப் படம் இன்டஸ்ட்ரிக்குள் நுழைவதற்கான ஓர் அடையாள அட்டை. 1998இல் கான் விழா மாணவர் படங்களுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கிய பிறகு அது பார்வையாளரைத் தேடிப் போகிற தனிப் படைப்பாகவும் ஆனது. 2020இல் அஷ்மிதா குஹா நியோகியின் ‘கேட்டாக்’ அங்கே முதல் பரிசு வாங்கியது. 2024இல் மைசூர்க்காரரான சிதானந்த நாயக்கின் கன்னடக் குறும்படம் முதல் பரிசு வாங்கியது. ஒரு கிழவி சேவலைத் திருடிக்கொண்டு போய்விடுகிறாள், ஊரில் பொழுதே விடியவில்லை. நாட்டார் கதை. பதினாறு நிமிஷம். இரண்டுமே பூனாவில் எடுத்தவை.

முதலாளி இல்லை என்பதால் அதிகாரமே இல்லை என்றாகிவிடாது. அரசு இருக்கிறது. 2015இல் தலைவர் நியமனத்தை எதிர்த்துப் பூனா மாணவர்கள் 139 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்களில் பாயல் கபாடியாவும் ஒருவர். 2017இல் அவருடைய மாணவப் படம் கானுக்குப் போனது, 2024இல் அவருடைய முழுநீளப் படம் அங்கே கிராண்ட் பிரி வாங்கியது. பிறகு எல்லாரும் பெருமைப்பட்டார்கள். விழாவும் ஒன்றும் புனிதமான இடமில்லை. எந்த ‘வட்டாரம்’ ஐரோப்பியக் கண்ணுக்கு ருசிக்கும் என்கிற கணக்கு அங்கேயும் உண்டு.

ஃப்ளெமிஷ்காரர்கள் செய்தது எளிய காரியம். கெண்ட், பிரஸ்ஸல்ஸ் கல்லூரிகளில் எடுக்கிற பட்டயப் படங்களில் சிலவற்றை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து, அடுத்த படம் எடுக்க அவர்களுடைய பொது நிதியத்திலிருந்து பணம் தருகிறார்கள். ‘வைல்ட்கார்ட்’ என்று பெயர். முதல் படத்தோடு ஆளைக் கைவிடுவதில்லை, அவ்வளவுதான். கெண்டில் படித்த லூகாஸ் டோன்ட் 2018இல் ‘கேர்ள்’ படத்துக்காகக் கானில் கோல்டன் கேமரா வாங்கினார்.

நம் அடையாறு இன்ஸ்டிட்யூட்டும் சும்மா இல்லை. அங்கே படித்த ருத்ரய்யாதான் 1978இல் ‘அவள் அப்படித்தான்’ எடுத்தார். 1986இல் ‘ஊமை விழிகள்’ அந்த மாணவர்கள் கூடி எடுத்ததுதான். ஆனால் இவை அவர்கள் கோடம்பாக்கத்துக்குள் போய்ச் சாதித்தவை. அவர்களுடைய பட்டயப் படங்களை நம்மில் எத்தனைபேர் பார்த்திருக்கிறோம்? சிறுகதையின் முதல் தொகுப்பைத் தேடிப் படிக்கிற நாம், சினிமாவில் முதல் பிரதியைப் பற்றிக் கேட்டதே இல்லை. இதில் சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கும் பங்குண்டு.

‘பள்ளிக்கூடமே போகாம வினோத்ராஜ் 2021இல் ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கலையா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாங்கினார், ‘கூழாங்கல்’லுக்கு. டிவிடி கடையில் வேலை பார்த்துக்கொண்டே சினிமா கற்றவர். அது அவருடைய வெற்றி. நம் அமைப்புகள் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. ஒருத்தர் சுவர் ஏறிக் குதித்துவிட்டார் என்பதற்காகக் கதவே வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மலையாளிப் பெரியவர், காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போனவர், ஒருமுறை சொன்னார்: “சூட்டிங்கு வந்தாங்க. மலை வேணும்னாங்க, மரம் வேணும்னாங்க. எங்களைப் பாத்து, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழுந்துருவீங்கன்னாங்க.” தலைமுறை தலைமுறையாகச் சேர்வராயன் கோயில் திருவிழா எடுக்கிறவர்கள் தங்கள் மலையின் படத்துக்குள் விழுந்துவிடக்கூடாதாம்.

அவருடைய பேத்தி இப்போது சேலத்தில் காலேஜ் படிக்கிறாள். போன மாதம் செல்போனில் எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். “தாத்தா நடக்கறதை எடுக்கறேண்ணா” என்றாள். அவள் தவறு செய்துபார்க்க ஓர் இடம் வேண்டும், கொஞ்சம் பொதுப்பணம் வேண்டும், முடித்ததைப் போட்டுப் பார்க்க ஒரு வெள்ளைத்துணி வேண்டும். கான் அப்புறம் இருக்கட்டும். முதலில் அவள் படத்தை ஏற்காட்டில் பார்க்க வேண்டும்.