ஏழு ஏக்கரும் ஒரு தள்ளுவண்டியும்

விவசாயம் எழுதுற இடத்துல இது எதுக்குன்னு சிலர் கேக்கலாம். இதுவும் ஒரு தோட்டக்காரர் கதைதாங்க.

எட்வர்ட் கார்ப்பென்டர் 1844-ல் இங்கிலாந்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, பாதிரியாராகவும் இருந்து, 1874-ல் எல்லாவற்றையும் விட்டு வெளியே வந்தார். அப்பா இறந்த பிறகு கிடைத்த பணத்தில் ஷெஃபீல்டு நகரத்துக்குப் பக்கம் மில்தோர்ப் என்ற சின்ன ஊரில் ஏழு ஏக்கர் வாங்கி, 1883-ல் குடியேறினார். காய்கறி, பழம், பூ எல்லாம் போட்டு சந்தையில் விற்றார். வீட்டிலேயே தோல் செருப்பும் தைத்தார்.

நம்ம பக்கத்துக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. கேம்பிரிட்ஜில் பழக்கமான நண்பர் பொன்னம்பலம் அருணாசலத்தைப் பார்க்க 1890-ல் இலங்கை வந்தார். அங்கே ஒரு தமிழ் ஞானியிடம் பாடம் கேட்டார். ஊர் திரும்பிய பிறகு ரயிலில் ஜார்ஜ் மெரில் என்பவரைச் சந்தித்தார். மெரில் ஷெஃபீல்டின் ஏழைத் தெருவில் வளர்ந்தவர், பெரிய படிப்பு இல்லை. இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போச்சு.

காலம் எப்படிப்பட்டதுன்னு பாருங்க. ஆணும் ஆணும் உறவு வைத்தால், அது நாலு சுவருக்குள் நடந்தாலும், இரண்டு வருஷம் வரை சிறை என்று 1885-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில்தான் 1895-ல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு கடுங்காவலுக்குப் போனார். நாடே மிரண்டது. கார்ப்பென்டரின் புத்தகத்தை அச்சிட இருந்த பதிப்பாளரும் பின்வாங்கினார்.

அதுக்கு மூணு வருஷம் கழிச்சு, 1898 பிப்ரவரியில், கொட்டும் பனியில் தன் சாமான்களை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, மேட்டைத் தாண்டி மில்தோர்ப் வந்து சேர்ந்தார் மெரில். வேண்டாம் என்று நண்பர்கள் கடிதம் மேல் கடிதம் போட்டார்கள். கார்ப்பென்டர் கேட்கவில்லை. மெரில் சமையலையும் வீட்டையும் பார்த்துக்கொண்டார், கார்ப்பென்டர் எழுதினார். வந்தவர்களுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே சோறு போட்டார்கள். யாரிடமும் எதையும் மறைக்கவில்லை.

1908-ல் தன்பாலீர்ப்பு பற்றிக் கார்ப்பென்டர் வெளிப்படையாகவே ஒரு புத்தகம் போட்டார். அடுத்த வருஷம் ஒருத்தர் அவரைத் திட்டித் துண்டுப்பிரசுரம் அச்சடித்துப் பரப்பினார். ஆனாலும் வழக்கு வரவில்லை. இருவரும் வீட்டைக் காலி செய்யவும் இல்லை.

ஒண்ணு சொல்லணும். கார்ப்பென்டருக்குச் சொந்த நிலம் இருந்தது, படிப்பு இருந்தது, பெரிய மனிதர்களின் பழக்கம் இருந்தது. யாரும் அவரை வேலையை விட்டோ வாடகை வீட்டை விட்டோ துரத்த முடியாது. மெரிலிடம் இருந்தது அந்தத் தள்ளுவண்டிச் சாமான் மட்டும். என் கணக்கில் பெரிய தைரியம் அவருடையதுதான்.

1922-ல் இருவரும் தெற்கே கில்ஃபோர்டுக்கு மாறினார்கள். மெரில் 1928-ல் போனார், அடுத்த வருஷமே கார்ப்பென்டரும் போனார். ஒரே இடத்தில் புதைத்தார்கள்.

இங்கிலாந்தில் சட்டம் மாற 1967 ஆச்சு. அதே வெள்ளைக்காரன் 1860-ல் நமக்கு எழுதிவைத்த 377-ல் இருந்து இப்படிப்பட்டவர்களை விடுவிக்க, நம்ம உச்ச நீதிமன்றத்துக்கு 2018 ஆச்சு.

சட்டம் போயிடுச்சு. ஊர் வாய் இன்னும் இருக்கு. நிலமும் பணமும் இல்லாத ஒரு பிள்ளை, தான் இப்படித்தான்னு சொல்லிட்டு சொந்த ஊர்லயே வாழ முடியணும். அதுக்கு அக்கம்பக்கத்துல இருக்குற நாமதான் இடம் விடணும்.