எம்.சி. எடுத்தது தெரியலாம், என்ன நோய் என்பது ஊருக்கு எதற்கு?

கோலா கங்சார்: இங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் நடப்பட்ட கன்றுகளில் எஞ்சியது என்பார்கள். ரப்பரோடு வந்தது விடியற்காலைப் பெரட்டு. கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். ஆள் வராவிட்டால் காரணமும் அங்கேயே, எல்லார் காதிலும் விழும்படி கேட்கப்படும். வராதவரின் நிரையை வேறொருவர் வெட்ட வேண்டும் என்பதால் ஆள் இல்லை என்ற செய்தி தேவைப்பட்டது. காய்ச்சலா, கர்ப்பமா, குடியா என்ற விவரம் மரத்துக்குத் தேவைப்படவில்லை.

இன்று தொழிற்சாலையிலும் கடையிலும் பெரட்டின் இடத்தை வாட்ஸ்ஆப் குழு பிடித்திருக்கிறது. எம்.சி.யைப் படம் பிடித்துக் குழுவில் போடு என்கிறார் சூப்பர்வைசர். போட்டால் நோயின் பெயரை 40 பேர் படிக்கிறார்கள்.

வேலைச் சட்டம் 1955 அப்படிக் கேட்கவில்லை. விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். இதில் தவறினால் எம்.சி. கையில் இருந்தாலும் அனுமதியின்றி வராதவராகவே கணக்கு. ஆனால் 'முதலாளி' என்றால் குழுவிலுள்ள அத்தனை பேரும் அல்லர். மனிதவளப் பிரிவுக்கோ கிராணிக்கோ தனியாக அனுப்பினால் போதும். சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு: இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் தனியாக 60 நாள்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, உடல், மனநலத் தகவலை நுண்ணியத் தரவாக வகைப்படுத்துகிறது. விடுப்பைக் கணக்கிட நிறுவனம் அதை வைத்திருக்கலாம். சம்பந்தமில்லாதவரிடம் பரப்பக் கூடாது. சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால், 2024 திருத்தத்திற்குப் பின், 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. கூட்டரசு, மாநில அரசாங்கங்களை இச்சட்டம் கட்டுப்படுத்தாது. ஆகவே அரசாங்கப் பள்ளி ஆசிரியரும் அரசாங்க மருத்துவமனைத் தாதியும் தங்கள் இலாகாவின் புகார் வழியைத்தான் நாட வேண்டும். அடுத்து, இது பதிவான தகவலுக்கான சட்டம். சாப்பாட்டு மேசையில் மானேஜர் வாய்விட்டுச் சொல்லும் வம்பு பெரும்பாலும் இதில் சிக்காது. சொன்னது பொய்யாக இருந்தால் அவதூறு வழக்கு இருக்கிறது. செலவு யாருக்குக் கட்டுப்படியாகும் என்பது வேறு கதை.

எனவே எழுத்தில் வந்ததைப் பத்திரப்படுத்த வேண்டும். குழுவில் வந்த செய்தியை, தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரியும்படி படமெடுத்து வைத்து, முதலில் நிறுவனத்திற்கே எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தரவு பரவியதற்குத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையர். விடுப்போ சம்பளமோ வெட்டப்பட்டால், நம்மவர்கள் லேபர் ஆபீஸ் என்று சொல்லும் தொழிலாளர் இலாகா. அவமானம் தாங்காமல் வேலையை விட்டவர், தன்னை விலகும்படி நிர்ப்பந்தித்தார்கள் என்று தொழில் உறவு இலாகாவில் முறையிடலாம். அதற்கு வேலை போன நாளிலிருந்து 60 நாள்தான் அவகாசம்.