'அசுரர்': ஒரு சொல்லின் வீழ்ச்சி

இருக்கு வேதத்தின் பழம்பாடல்களில் 'அசுர' என்பது வசைச்சொல் அன்று. வருணனும் அக்கினியும், இந்திரனுங்கூட, அப்பெயரால் போற்றப்படுகின்றனர். ஆற்றல் மிக்க தலைவன் என்பதே அங்குப் பொருள். அதன் இனச்சொல்லான 'அகுர' அவெஸ்தாவில் பரம்பொருளின் பெயராக நிலைத்தது. 'தேவ' என்பதன் இனச்சொல் அங்குத் தீய சக்தியைக் குறித்தது. இம்முரணைக் கொண்டு ஈரானியருக்கும் வேத மக்களுக்கும் இடையே சமயப் போர் ஒன்றைக் கற்பிப்பது எளிது. சொற்கள் மட்டும் அதற்குச் சான்றாகா.

பத்தாம் மண்டலத்தில் பகைமைப் பொருள் தெளிவாகிறது. பிராமண நூல்களில் இரு சாராரும் பிரஜாபதியின் மக்களே. ஆயினும் ஓயாது பொருதுகின்றனர். அடுத்து நிகழ்ந்தது ஓர் இலக்கணத் திரிபு. முதலிலுள்ள அகரம் எதிர்மறை முன்னொட்டாகக் கொள்ளப்பட, அதனை நீக்கிச் 'சுரர்' என்னும் புதுச்சொல் ஆக்கப்பட்டது. வால்மீகி ராமாயணமோ வாருணியை ஏற்றவர் சுரர், மறுத்தவர் அசுரர் என்கிறது. மதுவை மறுத்தோர் தீயோரான விந்தை இது.

இவற்றினும் ஆழமான செய்தி பதஞ்சலியின் மகாபாஷ்யத்தில் உள்ளது. இலக்கணம் கற்பதன் பயன்களை விளக்குமிடத்து, 'அரி' எனப் பகைவரை விளிக்க வேண்டிய அசுரர் ரகரத்தை லகரமாக ஒலித்துத் தோற்றனர் என்கிறார். பிழைபட்ட சொல்லே மிலேச்சம் என்றும் முடிக்கிறார். ரகரம் லகரமாவது கீழ்த்திசைப் பிராகிருதத்தின் இயல்பு. அசோகரின் கிழக்குப் பகுதிக் கல்வெட்டுகளில் 'ராஜா' என்பது 'லாஜா' என்றே பொறிக்கப்பட்டுள்ளது. பேரரசன் ஒருவனின் ஆணைமொழியில் இயல்பாக வழங்கிய ஒலி, இலக்கண மரபில் அசுரரின் அடையாளமாக நிற்கிறது. இங்குத் தீமை செயலில் இல்லை, நாவில் இருக்கிறது.

ஜார்க்கண்டின் நேதர்ஹாட் பீடபூமியில் 'அசுர்' என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். மரபாக இரும்பு உருக்கியோர். அவர்தம் மொழி முண்டா கிளையைச் சேர்ந்தது. அருகிவரும் மொழியென யுனெஸ்கோ பட்டியலிட்டது. பெயரொப்புமை ஒன்றைக்கொண்டு அவர்களைப் புராண அசுரரோடு இணைத்தல் மொழியியலுக்கு ஒவ்வாது. ஆயினும் அவர்களுள் பலர் மகிஷாசுரனைத் தம் முன்னோனாகக் கருதி, துர்க்கா பூசை நாள்களில் துக்கம் காக்கின்றனர். இந்தியில் அட்டவணைப் பழங்குடியினர் பட்டியலில் அவர்தம் பெயரை எழுதும் அதே எழுத்துகளில்தான் அகராதி 'அரக்கன்' என்னும் பொருளையும் தருகிறது.